எலுமிச்சைச் சந்து ஆறு

எங்கள் வட்டார மன்றத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒழுங்காக வரி கட்டுகிறேன். மன்றம் வருடா வருடம் அனுப்பும் நாட்காட்டியைச் சுவரில் மாட்டுகிறேன். அதில் பன்னிரண்டு மாதத்துக்கும் தலைவர் டத்தோவின் படம்தான். செப்டம்பரில் மட்டும் கையில் மண்வெட்டி வைத்திருப்பார். ஆகவே நான் சொல்லப்போவதைப் பகையில் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். எரிச்சலில் சொன்னதாக நினைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் திரும்பினால் எலுமிச்சைச் சந்து. பதினான்கு வீடு, ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை, ஒரு லொங்காங். லொங்காங் என்பது மழைநீர் ஓடுவதற்காக வெட்டியது. மழை பெய்யாத நாட்களில் நன்றாகவே ஓடும். எங்களுடையது இரண்டரை அடி அகலம், இடுப்பளவு ஆழம். வீடுகளுக்கும் சாலைக்கும் நடுவே போகிறது. அதன் மேல் சிமெண்டு சிலாப்புகள் கிடப்பதால்தான் நாங்கள் வீட்டை விட்டு வெளியே வரவும் வீடு திரும்பவும் முடிகிறது.

என் எதிர்வீட்டில் மார்த்தா இருக்கிறார். பள்ளிச் சீருடை தைப்பவர். அவருடைய கணவர் வின்சென்ட் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டினார். கண்டெய்னரைத் தூக்கித் தூக்கி அவரும் ஒரு கண்டெய்னர் அளவுக்கு இருப்பார். ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் மருத்துவமனை வண்டி வந்து அவரைப் பயிற்சிக்கு அழைத்துப்போகும். “நடக்கணும்னா இந்த அரை வருஷத்துல நடந்தாதான் உண்டு. அப்புறம் வீல்சேர்தான்” என்று மருத்துவர் மார்த்தாவிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

பயிற்சி தொடங்கி மூன்றாவது வாரம், மன்றத்தின் குப்பை லாரி பின்பக்கமாக வந்து, மார்த்தா வீட்டு வாசலில் இருந்த ஆறு சிலாப்புகளை ஒரே ஏற்றில் உடைத்துவிட்டுப் போயிற்று. சக்கர நாற்காலி கடக்க வழியில்லை. இரண்டு பக்கத்து வீட்டு நடைபாதையும் முழங்கால் உயரத்துக்கு மேலே இருக்கின்றன. வண்டி ஓட்டுநர் நோயாளியைத் தூக்கக் கூடாது என்று அவருக்கு விதி. முதல் தடவை நாசி கண்டார் கடை சிக்கந்தரும் நானும் இன்னும் இருவருமாகத் தூக்கிக் கடத்தினோம். இரண்டாம் தடவை சிக்கந்தருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் தடவைக்கு ஆளில்லை. மீதி வீடுகளெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவை. வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் போய் எங்கள் வின்சென்டைக் கொஞ்சம் தூக்குங்கள் என்று எப்படிக் கேட்பது?

ஆகவே மார்த்தா மன்றத்தில் புகார் செய்தார். அந்த மாதம் பார்த்து மன்றம் ‘உங்கள் மொழி, எங்கள் செவி’ என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. கைப்பேசிச் செயலியில் எந்த மொழியில் எழுதினாலும் அதுவே மொழிபெயர்த்து அதிகாரிக்கு அனுப்பிவிடும். மார்த்தா தமிழ்ப் பள்ளியில் படித்தவர். பேசும்போது லொங்காங், சிலாப்பு என்றுதான் சொல்வார். எழுத்தில் அப்படி எழுதலாமா? நல்ல தமிழில் எழுதினார்:

‘எங்கள் வாசலில் சாக்கடை மூடி ஆறு உடைந்துவிட்டது. கணவரை வெளியே கொண்டுபோக முடியவில்லை. உடனே ஆவன செய்யவும்.’

லொங்காங் என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நல்ல தமிழ் எழுதியதால் வந்த வினை. செயலி அந்த வாக்கியத்தைப் படித்தது. ‘மூடி’ என்பதை மூடிக்கொண்டு என்று புரிந்துகொண்டது. ‘ஆறு உடைந்துவிட்டது’ என்பதில் அதற்குச் சந்தேகமே வரவில்லை. சாக்கடையை மூடிக்கொண்டு ஆறு ஒன்று கரையுடைத்துவிட்டது, ஓர் ஆண் உள்ளே சிக்கியிருக்கிறார் என்று மலாயில் மொழிபெயர்த்து, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரமும் போட்டு அனுப்பியது.

மறுநாளே பதில் வந்தது. ‘அன்புள்ள புகார்தாரரே, உங்கள் ஆறு பதிவு செய்யப்பட்டது.’

“என்னாண்ணே இது, உங்கள் ஆறுன்னு போட்டிருக்கு?” என்று மார்த்தா கைப்பேசியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். உங்கள் ஆறு சிலாப்பு என்பதைச் சுருக்கி எழுதியிருப்பார்கள் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த நாள் மன்றத்தின் வண்டி வந்தது. சிலாப்பு எதுவும் இறங்கவில்லை. ஆழம் பார்க்கும் கம்பும், ஆரஞ்சு நிற மிதவை வளையமும், வடிகால் பிரிவுப் பொறியாளர் ஃபஸீலாவும் இறங்கினார்கள். ஃபஸீலா நல்ல பெண். லொங்காங்கைப் பார்த்தார், மார்த்தாவைப் பார்த்தார், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

“அக்கா, ஆறு எங்க?”

மார்த்தா உடைந்துகிடந்த சிலாப்புகளைக் காட்டினார். “இதோ ஆறு. எண்ணிக்கோ.”

ஃபஸீலாவுக்கு விஷயம் புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. மார்த்தாவும் சிரித்தார். நடைபாதையில் நாற்காலியில் இருந்த வின்சென்டும் வாயின் வலப்பக்கத்தால் சிரித்தார். அன்றைக்கு எல்லோருக்கும் அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

“சரி, லொங்காங்னு மாத்திப் போட்டுடு” என்றார் மார்த்தா.

“மாத்த முடியாதுக்கா. என்கிட்ட ஆத்து ஃபாரம்தான் குடுத்துவிட்டிருக்காங்க. இதுல ஆழம் எவ்ளோ, முதலை இருக்கா, படகு போகுமா, இப்படித்தான் கேட்டிருக்கு. ஆறே இல்லன்னு எழுத ஒரு கட்டம்கூட இல்ல லா.”

“அப்ப என்னா எழுதப் போற?”

“முதலை இல்லன்னு எழுதறேன். அதுவாச்சும் உண்மை” என்று சொல்லிவிட்டு ஃபஸீலா வண்டி ஏறினார்.

மார்த்தா மன்றத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, சுத்தமான மலாயில், அது ஆறல்ல லொங்காங் என்று விளக்கினார். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, இந்தக் கோப்பு தமிழில் திறக்கப்பட்டிருப்பதால் திருத்தமும் தமிழில்தான் வர வேண்டும், செயலி வழியாக அனுப்புங்கள் என்றார். மார்த்தா செயலியில் ‘ஆறு அல்ல, சாக்கடை’ என்று எழுதினார். ஆறு சாக்கடையாகிவிட்டது என்று மொழிபெயர்ப்பு போயிற்று. சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து இருவர் வந்து குப்பியில் தண்ணீர் எடுத்துப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு தொழிலாளர்களும் ஒரு தூக்கு இயந்திரமும் வந்து சேர்ந்தார்கள். சிலாப்பு போட வந்துவிட்டார்கள் என்று மார்த்தா கோப்பி கலக்க உள்ளே ஓடினார். வந்தவர்கள் சந்தில் மிச்சமிருந்த நல்ல சிலாப்புகளையெல்லாம் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். ஆற்றை மூடுவது சட்டப்படி குற்றமாம். எத்தனையோ வருடமாக ஓர் ஆற்றை மூடிவைத்திருந்த குற்றத்துக்காகப் பதினான்கு வீட்டுக்கும் அபராதச் சம்மான் எழுதிக் கதவிடுக்கில் செருகினார்கள். பதினோரு மணிக்குள் வேலை முடிந்துவிட்டது. மன்றம் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து என் அறுபத்து நாலு வயதில் நான் பார்த்ததில்லை. கலந்த கோப்பியை மார்த்தா என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களுக்கே கொடுத்தார்.

அதற்குப் பிறகு சந்துக்காரர்கள் பலகை போட்டுத் தாண்டினோம். வாரம் ஒருமுறை மன்றத்தின் ஆட்கள் வந்து ‘அனுமதியில்லாத பாலம்’ என்று பலகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சிக்கந்தர் வின்சென்டுக்காகக் கனத்த இரும்புத் தகடு ஒன்று வாங்கிப் போட்டார். அது பெரிய பாலம் என்பதால் பெரிய சம்மான். செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் மருத்துவமனை வண்டி வந்து சந்தில் நிற்கும். ஓட்டுநர் அந்தப் பக்கம், வின்சென்ட் இந்தப் பக்கம். ஓட்டுநர் கை அசைப்பார், வின்சென்டும் நல்ல கையை அசைப்பார். வண்டி போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் மன்றத்தின் மழைநீர் வடிகால் மேம்பாட்டுச் சிறப்புக் குழு கூடுகிறது, புகார்தாரர் மூன்று நிமிடம் பேசலாம் என்று கடிதம் வந்தது. மார்த்தாவுக்குத் துணையாக நானும் போனேன். வாசலிலேயே கவுன்சிலர் தயாளன் எங்களைப் பிடித்துக்கொண்டார். மன்றத்தில் நம் சமூகத்தின் குரல் அவர். தமிழ்க் கோப்பு என்பதால் அன்றைக்கு மொழிபெயர்ப்பாளரும் அவரே.

“அக்கா, வாயத் தொறந்து அத லொங்காங்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றார் தாழ்ந்த குரலில்.

“ஏன் தம்பி? அது லொங்காங்தானே?”

“நம்ம ஆளுங்க இந்த ஊர்ல ரோடு போட்டாங்க, துறைமுகத்துல மூட்ட தூக்குனாங்க. எதுக்காச்சும் நம்ம பேர வச்சானுங்களா? மொத மொறையா ஒரு தமிழ்ப் புகார்ல ஒரு ஆறு கெடச்சிருக்கு. அத நம்மளே விட்டுக் குடுக்கறதா? சரித்திரம் மன்னிக்குமா?”

“எனக்கு ஆறு வேணாம் தம்பி. சிலாப்பு போதும்.”

“சிலாப்பு எப்ப வேணும்னாலும் வாங்கிக்கலாம்கா. ஆறு கெடைக்குமா?” என்று கேட்டார் தயாளன். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று சொல்லமாட்டேன். மனிதர் உண்மையிலேயே உணர்ச்சிவசப்பட்டிருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

கூட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்கியது. மாண்புமிகுகளையும் மதிப்புமிகுகளையும் பெயர் சொல்லி விளித்து முடிக்க ஒன்பது இருபத்திரண்டு ஆயிற்று. விடுபட்டுப்போன ஒரு மதிப்புமிகு முகம் வாடியதால் மறுபடி முதலிலிருந்து விளித்தார்கள். பிறகு தேநீர். பிறகு ஃபஸீலாவின் மூன்று பக்க அறிக்கை. சந்துகளின் லொங்காங்கைத் தூர்வாருவது, சிலாப்பு போடுவது, கடல் ஏறும் நேரத்தில் தண்ணீர் திரும்பி வராதபடி முகத்துவாரத்தில் ஒரு மதகு வைப்பது, இவ்வளவுதான் அதில் இருந்தது. அது ஐந்தாவது முறையாகக் குழுவின் முன் வைக்கப்பட்டது. ஐந்தாவது முறையாக வரவேற்கப்பட்டு அலமாரிக்குத் திரும்பியது.

அடுத்தது ஆறு. டத்தோ எழுந்தார்.

“வெள்ளம் வெள்ளம் என்று மக்கள் குறை சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், வெள்ளம் என்றால் என்ன? தண்ணீர் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் அது வெள்ளம். ஆற்றில் தண்ணீர் இருந்தால் அதற்குப் பெயர் வெள்ளமா? எலுமிச்சைச் சந்தில் போன வருடம் ஒன்பது தடவை முழங்காலளவு வெள்ளம் வந்ததாகப் பதிவு இருக்கிறது. அது ஆறு என்று அறியாத காலத்தில் நடந்த பிழை. அந்த ஒன்பதையும் இன்று பட்டியலிலிருந்து நீக்குகிறோம். ஒரு கூடை மண்கூட அள்ளாமல் வெள்ளத்தை ஒழித்துக் காட்டிய மன்றம் இந்த நாட்டில் வேறு எது?”

கைதட்டல் அடங்கியதும் ஓர் உறுப்பினர் எழுந்து, இந்த ஆறு எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஃபஸீலா தலையைக் குனிந்துகொண்டு, நாசி கண்டார் கடையில் தட்டு கழுவுகிற இடத்தில் என்றார். எங்கே கலக்கிறது? போத்தல்கள் அடைத்த கம்பிவலையில்.

“பாரம்பரிய உணவும் பாரம்பரிய ஆறும் ஒரே இடத்தில் பிறக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்” என்றார் டத்தோ. செயலாளர் குறித்துக்கொண்டார்.

மார்த்தாவின் முறை வந்தது. கோப்பு தமிழ் என்பதால் தமிழில்தான் பேச வேண்டும் என்று செயலாளர் நினைவூட்டினார். மார்த்தா எழுந்து நின்றார். குரல் தெளிவாக இருந்தது.

“டத்தோ, நான் எழுதுனது ஓடுற ஆத்தப் பத்தி இல்ல. ஆறு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. அந்த ஆறு.” ஒரு கையை விரித்து, மறுகையில் ஒரு விரலையும் நீட்டிக் காட்டினார்.

டத்தோ தயாளனைப் பார்த்தார். “அவர் ஓர் எண்ணிக்கையைச் சொல்கிறார், டத்தோ” என்றார் தயாளன்.

“எதன் எண்ணிக்கை?”

“ஆற்றின்…” என்று தொடங்கிய தயாளன், மார்த்தாவின் விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

டத்தோ மெதுவாக மார்த்தாவின் விரல்களை எண்ணினார். “ஆக, ஆறுகள் ஆறா?” என்றார் மூச்சு வாங்க. “நாம் ஒன்று என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்!”

“இத்து லொங்காங், டத்தோ! லொங்காங்!” என்று மார்த்தா பொறுக்க முடியாமல் மலாயில் கத்தினார். செயலாளர் மணியடித்தார். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

கூட்டக் குறிப்பை நான் பிறகு பார்த்தேன். ‘ஆறுகளின் மொத்த எண்ணிக்கை ஆறு என்பதைப் புகார்தாரர் விரல்விட்டு உறுதி செய்தார். அவருடைய அறிவை மன்றம் பாராட்டுகிறது. எஞ்சிய ஐந்து ஆறுகளைக் கண்டுபிடிக்கத் துணைக்குழு ஒன்று அமைக்கப்படுகிறது.’

பேருந்தில் திரும்பி வரும்போது மார்த்தா அழுதார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தமில்லாமல், தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் போகிற கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதார். “பயிற்சிக்குப் போன மூணு வாரத்துல அவருக்குக் கட்ட வெரல் அசைஞ்சுச்சுண்ணே. நான் என் கண்ணால பாத்தேன். இப்ப அதுவும் நின்னு போச்சு. நான் ஒழுங்கா லொங்காங்னு எழுதியிருக்கக் கூடாதா?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேருந்தை மன்றத்துக்கே திருப்பி ஓட்டச் சொல்லியிருப்பேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? அதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பார்கள்.

மார்ச் மாதத்தில் ஆற்றுக்கு வேலி வந்தது. ஆற்றங்கரையில் மக்கள் பாதுகாப்பு முக்கியம் என்பதால் சந்து நெடுகப் பளபளக்கும் எஃகுக் கம்பி வேலி, வயிற்று உயரத்துக்கு. வீட்டுக்கு வீடு ஒரு வழி விட்டால் வேலியின் அழகு கெடும் என்று விடவில்லை. பெயர்ப்பலகையும் வந்தது. என்ன பெயர் வைப்பது என்று மூன்று கூட்டம் அடித்துக்கொண்டு, கடைசியில் நான்கு மொழியிலும் ‘ஆறு எண் 1’ என்று எழுதினார்கள். தமிழ் எப்போதும் நான்காவதாகத்தான் வரும், இந்தத் தடவை மூன்றாவதாக வந்திருக்கிறது, இது நம் சமூகத்தின் வெற்றி என்று தயாளன் அறிக்கை விட்டார். திறப்பு விழாவில் ஆற்றைக் கண்டுபிடித்த பெண்மணி என்று மார்த்தாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் போர்த்த வேண்டியிருந்ததால் ஒரு முனை தண்ணீரில் விழுந்துவிட்டது.

ஆறு இருந்தால் மீட்புப் பிரிவு இருக்க வேண்டும். புல்வெட்டும் பிரிவிலிருந்து நான்கு பேரை எடுத்து, உயிர்காப்புச் சட்டை மாட்டி, சின்னையா என்பவரை மேலாளாக்கி எங்கள் சந்தில் நிறுத்தினார்கள். நால்வரும் நல்ல உடற்கட்டு. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை சிக்கந்தர் கடையில் உட்கார்ந்து ஆற்றைக் கண்காணித்தார்கள். நுரை பொங்க ஆற்றிய தே தாரே குடித்தார்கள். ஒரு மாதம் ஓடியது. ஆற்றில் ஒரு பூனை விழுந்தது. அதுவும் தானாகவே ஏறிப் போய்விட்டது.

“மீட்பு கோசோங், ஒண்ணுமே இல்லன்னு மேல எழுதி அனுப்பியிருக்கேன் தங்கச்சி” என்று சின்னையா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மார்த்தாவிடம் குறைபட்டுக்கொண்டார். “இப்படியே ஒருத்தர்கூட மாட்டலன்னா இந்தப் பிரிவையே கலைச்சிட்டு மறுபடி புல்லு வெட்ட அனுப்பிருவாங்க. இந்த வெயில்ல யாரு வெட்டறது?”

மார்த்தா தையல் இயந்திரத்தை நிறுத்தினார். சின்னையாவின் தோளைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கடையில் உட்கார்ந்திருந்த மற்ற மூன்று தோள்களையும் பார்த்தார்.

மறுநாள் செவ்வாய். மருத்துவமனை வண்டி வந்து நின்றதும் மார்த்தா ஆற்று அவசர எண்ணை அழைத்தார். “ஆத்தோரமா ஒரு ஆளு மாட்டிக்கிட்டாரு. கரையேற முடியல” என்று தமிழில்தான் சொன்னார். அழைப்பு மன்றத்துக்குப் போய், அங்கிருந்து சின்னையாவின் கைப்பேசிக்கு வந்தது. முப்பது அடி தூரத்தைக் கடந்து நால்வரும் ஓடி வந்தார்கள். வின்சென்டை நாற்காலியோடு தூக்கி, வேலிக்கு மேலாக, ஆற்றுக்கு மேலாக, பூப்போல அந்தப் பக்கம் வைத்தார்கள். வண்டியில் ஏற்றும் முன் சின்னையா படிவத்தை எடுத்தார்.

“அண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது” என்றார் வின்சென்ட். அவருக்கு நாக்கு இன்னும் கொஞ்சம் குழறும்.

“மீட்கறப்ப நெனவு இருந்துச்சா?”

“இருந்துச்சு தம்பி. அதான் கஷ்டம்.”

மதியம் திரும்பி வந்தபோது இன்னொரு மீட்பு. வெள்ளிக்கிழமை இரண்டு. வாரத்துக்கு நான்கு என்று கணக்கு சீராக ஏறியது. மூன்றே மாதத்தில் நாற்பத்தெட்டு மீட்பு. மன்றத்துக்கு உயிர்காப்பு விருது கிடைத்தது. ‘நாற்பத்தெட்டு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறோம், ஒருவர்கூட இறக்கவில்லை, மற்ற மன்றங்களால் இப்படிச் சொல்ல முடியுமா?’ என்று டத்தோ விருதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். மற்ற மன்றங்களால் சொல்ல முடியாது. அவர்களிடம் வின்சென்ட் இல்லை.

மருத்துவர் சொன்ன அரை வருடம் முடியும் தறுவாயில் இருந்தது. நடுவில் விட்டுப்போன வாரங்களை மார்த்தா விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, வழக்கம்போல் அழைப்பு போய், நால்வரும் வந்து நாற்காலியைப் பிடித்தார்கள். வின்சென்ட் வலது கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். அந்தக் கையால் எஃகு வேலியைப் பற்றினார். முகம் சிவந்தது. இடது கால் கிடுகிடுவென்று ஆடியது. எழுந்து நின்றார்.

சிக்கந்தர் கையில் கறிக் கரண்டியோடு கடையிலிருந்து வெளியே வந்துவிட்டார். நான் மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன், நுரையோடு அப்படியே நின்றேன். மார்த்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சின்னையாதான் முதலில் சுதாரித்தார். அவர் முகத்தில் சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே இருந்தன. “அண்ணே, உக்காருங்கண்ணே. நிக்கிற ஆள மீட்டேன்னு நான் எப்படி எழுதறது? மேல கேள்வி கேப்பாங்க லா.”

வின்சென்ட் உட்காரவில்லை.

“நிக்கட்டும் விடுங்க” என்றார் மார்த்தா. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. “ஆத்துல தண்ணி கொறஞ்சு போச்சு, ஆளு தானா எந்திரிச்சு நின்னாருன்னு எழுதிக்குங்க.”

சின்னையா யோசித்தார். வேறு வழி தெரியாமல் அப்படியே எழுதினார். அவர் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திடும்வரை வின்சென்ட் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

அந்த அறிக்கை சிறப்புக் குழுவுக்குப் போயிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மீட்பும் குறையும், விருது பெற்ற ஆறு இப்படி வற்றலாமா என்று உறுப்பினர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஃபஸீலாவின் மூன்று பக்கத்தில் தூர்வாரும் பகுதியை மட்டும் எடுத்து, ஆற்றை மேலும் நாலடி ஆழமும் நாலடி அகலமும் ஆக்க ஒரே மனதாக ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். நேற்றுப் பதினான்கு வீட்டுக்கும் கடிதம் வந்தது. வேலை வரும் செவ்வாய்க்கிழமை காலை தொடங்குகிறது. முடியும்வரை, மீட்புப் பிரிவினர் உட்பட யாரும் ஆற்றைக் கடக்க அனுமதி இல்லை.